வேர்வை முறை

மேலக்கலுங்கு ஊரில் எலுமிச்சைக்குச் சொறி விழுந்த வருசம், மலையடித் தோட்டத்தில் தொடங்கிக் குளத்தங்கரைத் தோட்டம் வரைக்கும் ஒரு மரம் பாக்கியில்லாமல் இலையிலும் குச்சியிலும் காயிலும் காவிப்புள்ளி கிளம்பி, புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் கட்டி, தொட்டால் கைக்கே அருவருப்பாய்ச் சொரசொரத்த அந்த வருசம், கொம்பையாவின் பெண்சாதி உலகம்மாளுக்கு வேர்வையில் ஓமவாசம் அடிக்க ஆரம்பித்தது. ஓமம் மட்டும்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. ஓமம் முன்னால் வரும், கிராம்பு பின்னால் வரும், இரண்டும் போன பிறகு கற்பூரவல்லி இலையைக் கசக்கிய காரம் ஒன்று மூக்கிலேயே தங்கிக்கொள்ளும். சொறிக்குச்சிகளை வெட்டிக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருந்த உச்சிவெயிலில் அவள் நெற்றியிலிருந்து உருண்ட ஒரு சொட்டு, கீழே ஓர் இலையில் விழுந்து, தண்ணீராய் வழிந்து ஓடாமல் எண்ணெயாய்ப் பரவி மினுங்கி நின்றது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

கண்டுபிடித்தவன் கொம்பையாதான். சொறிக்கு மருந்தென்று மயில்துத்தத்தைக் கரைத்துக் கரைத்து அடித்து விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்துப்போன மனுசன், ஒரு நாள் அவள் வேர்வை சொட்டிய அந்த மரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றவன் அசையவில்லை. ஒரே ஒரு கிளையில் மட்டும் சொறி காய்ந்து உதிர்ந்து, துளிர் சுத்தமாய் வந்திருந்தது. பக்கத்துக் கிளையில் பழைய சொறி அப்படியே இருந்தது. அவன் யோசித்தான், முகர்ந்து பார்த்தான், பிறகு வீட்டுக்குப் போய்ப் பெண்சாதியைக் கையோடு கூட்டி வந்தான்.

"ஏட்டி, இந்தச் சொறிக்கிளைக்கு மேல குனிஞ்சு கொஞ்ச நேரம் நில்லு."

"என்னத்துக்கு?"

"சும்மா நில்லு. வேர்க்கட்டும்."

அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டேதான் நின்றாள்.

மேலக்கலுங்குக்காரர்கள் இதற்கெல்லாம் வாயைப் பிளக்கிற ஆட்கள் இல்லை. டீக்கடையில் பேச்சு வந்தபோது, மாட்டுக்குப் பால் வருது, பனைக்குப் பதனி வருது, இவளுக்கு எண்ணெய் வருது, அதுக்கு என்ன இப்போ என்று ஒருத்தர் சொன்னார், அதோடு ஏன் வருகிறது என்ற கேள்வி முடிந்துபோனது. எப்படி வருகிறது, எந்தச் சாமி தந்தது, எந்தப் பாவத்துக்கு வந்தது என்று எவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கமிஷன் கடையில் காயைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: சொறியைப் பரப்புகிற ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லாத் தோட்டத்துக்கும் வருமா, வராதா?

ஊருக்கு அது கேள்வி. உலகம்மாளுக்கு வேறு கேள்வி.

அவளுக்கு ஒரு பெண்குழந்தை. ஆதார் அட்டையில் கனிஷ்கா, வீட்டில் கனி. அப்போதுதான் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கிளைக்கு மேல் நின்று முதன்முதலாய்ப் பெருக வேர்த்த அன்று சாயங்காலம் தோட்டத்திலிருந்து திரும்பியவள் வழக்கம்போல் பிள்ளையை வாரி எடுத்துக் கழுத்தோடு அணைத்தாள். பிள்ளை ஒரு மூச்சு முழுக்கச் சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து, பிறகு வீறிட்டது. விலக்கிப் பார்த்தால் கன்னம் பூராவும் கஞ்சி கொட்டினாற்போல் சிவந்து கிடந்தது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்து, இளந்தோலு, தாங்காது, கொஞ்ச நாளைக்கு அம்மா தூக்க வேண்டாம் என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவள் கேட்டாள். உங்களுக்கு இது எப்போ நிக்குதோ அப்போ என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

குளித்துவிட்டுத் தூக்கலாமே என்று தோன்றும். தோன்றாமலா இருந்தது? சீயக்காய் போட்டுக் குளித்தாள், கடலைமாவு தேய்த்துக் குளித்தாள், ஈரம் காயாமல் ஓடி வந்து கையை நீட்டினாள். கை நீளும்போதே சுட்டுவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், நெஞ்சு அடித்ததும் உள்ளங்கை வேர்க்கும், வேர்த்ததும் வீடு பூராவும் ஓமம் மணக்கும். கொம்பையாவின் தங்கச்சி முப்பிடாதி, கல்யாணமாகாமல் அண்ணன் வீட்டில் இருந்தவள், நல்ல மனசுக்காரி, பிள்ளையைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

"தொடாதீய மதினி. சுடும்."

அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு உலகம்மாளுக்குக் கை நீட்டுகிற பழக்கமே விட்டுப்போனது. பால் கட்டி மார் கனத்தது. அவள் கொல்லையில் நின்று பீய்ச்சிக் கீழே விட்டாள். அழுகை வந்தால் அழுதாள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள்.

இந்த நிலையில்தான் வெள்ளைப்பாண்டி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். எலுமிச்சை விவசாயிகள் சங்கத்துத் தலைவர், கமிஷன் கடை வைத்திருப்பவர், ஊரிலேயே பெரிய தோட்டம் அவருடையது. யாரையும் அதட்டிப் பேசாத மனுசர். அதுதான் அவரிடம் பயப்படவேண்டிய விசயம்.

"தாயி, உன்னை யாரும் கட்டாயப்படுத்தல. ஆனா இது குளத்துத் தண்ணி மாதிரி பொதுவுல வந்திருக்கு. பொதுவுல வந்ததை முறை வச்சுத்தான் பாய்ச்சணும், இல்லாட்டி வெட்டு குத்து ஆயிரும்."

அப்படித்தான் வேர்வைக்கு முறை வந்தது. குளத்துத் தண்ணிக்கு மடைமடையாய் எப்படிப் பங்கோ அதே பங்கு. நிலம் பெரிசென்றால் நேரம் பெரிசு, அதனால் முதல் முறையும் நீளமான முறையும் வெள்ளைப்பாண்டிக்கே போனது, அதில் யாருக்கும் தப்பும் தெரியவில்லை. உச்சிவெயிலில் அவளை ஒவ்வொரு தோட்டமாய் நடத்திக் கூட்டிப் போவார்கள். பின்னால் இரண்டு பெண்கள் வெள்ளைத் துண்டோடு போவார்கள், கழுத்தில் ஒற்றி, முதுகில் ஒற்றி, பித்தளைச் செம்பில் பிழிவார்கள், அதை விரல் நுனியில் தொட்டு இலையில் தெறிப்பார்கள். முறைக்காரர் வீட்டிலிருந்து மிளகு ரசம் சுடச்சுட வரும், குடித்தால் வேர்க்கும் என்று. பானக்கம் வரும், இளநீர் வரும், ஆட்டுக்கால் சூப்பு வரும். ஒருத்தன் முறை முடிந்த பிறகும் அவளிடம் அவள் அப்பன் வீட்டுக் கதையை விசாரிப்பதுபோல் தன் வரப்பிலேயே வெயிலில் நிறுத்தி வைத்தான் என்று அடுத்த முறைக்காரன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான், ராத்திரியில் மடை திருப்பியவனை அடிக்க வருகிற அதே கோபத்தோடு. ஊரே அவளைத் தாங்கியது, சினைமாட்டைத் தாங்குவதுபோல.

தொழுவத்தில் உண்ணி இல்லாமல் போனது. அவள் ஏறினால் மினிபஸ்சில் இருமுகிறவர்கள் இருமலை நிறுத்தினார்கள். தெருவில் கொசு இல்லை. கனிக்குக்கூட இப்பல்லாம் கொசு கடிக்கிறதில்ல மதினி, வீட்டு வாசம் அப்படி என்று முப்பிடாதி சொன்னாள். எல்லாருக்கும் அந்த வாசனை பழகி, பிறகு பிடித்துப்போய், வெளியூர் போனால் தேடுகிற அளவுக்கு ஆனது. உலகம்மாளுக்கு மட்டும் அது தெரியாமல் போய்விட்டது. தன் கையைத் தானே முகர்ந்தாலும் வெறும் கையாகத்தான் இருந்தது. ஓமத்தைத் தேடி அஞ்சறைப்பெட்டியில் மூக்கை வைத்துப் பார்த்தாள், அது தெரிந்தது. தன்னுடையது மட்டும் தனக்கில்லை.

"இது எப்பம் நிக்கும்?" என்று கொம்பையாவிடம் கேட்டாள்.

"நிக்கும்ளா. இந்த மழை ஒண்ணு தாண்டட்டும்."

"நின்னா நல்லதா, நிக்காட்டி நல்லதா? உங்களுக்கு எது வேணும்?"

அவன் மரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் தோட்டம் அப்போது பச்சைப்பசேலென்று துளிர்விட்டுக்கொண்டிருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மழைக்காற்று ஊர்ப்பக்கம் திரும்பத் தொடங்கிய வாரத்தில் ஒரு தப்பு நடந்தது. மேலக்கலுங்குக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அந்த ஊரில் கோயில் கொடை முடிந்ததும் சாமிக்குச் சாத்திய எலுமிச்சை மாலையை அறுத்து, தோட்டத்துக்கு ஒரு பழமாய்ப் பங்கு போட்டு, காவலுக்கு என்று கிளையில் கட்டித் தொங்கவிடுவார்கள். தொங்குகிற பொருளுக்குத்தான் சக்தி என்பது அவர்கள் எண்ணம். அதனால் வெள்ளைப்பாண்டி, நடந்து சொட்டுகிறது எம்மட்டுக்குப் போதும், காற்றுக்கு முன்னால் வேலை முடியணும் என்று, அவளை ஒற்றிய துண்டுகளையெல்லாம் பிழியாமலே கிழித்து மரத்துக்கு ஒரு துணியாய்த் தன் தோட்டம் பூராவும் கட்டிவிட்டார். கட்டும்போது கும்பிட்டும் கொண்டார்.

மறுநாள் துணி பட்ட இடமெல்லாம் இலை கருகிப்போயிருந்தது. சொறியும் இல்லை, இலையும் இல்லை. குச்சி சுள்ளியாய் ஒடிந்தது. பிஞ்சு பொலபொலவென்று கொட்டிக் கிடந்தது.

ஊர் அன்றைக்குத்தான் முதல்தடவையாக அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது. மனசில் வெஞ்சினம் வைத்து வேர்த்திருக்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள். பிள்ளையைத் தூக்கவிடாத ஆத்திரம் என்றாள் இன்னொருத்தி. செம்பு பிடித்த பெண்கள் இரண்டு பேரும் துண்டைக் கீழே வைத்துவிட்டு எட்டி நின்றார்கள். ஆத்திரம் உண்டுதான், இல்லை என்று உலகம்மாள் சொல்லவில்லை. வெள்ளைப்பாண்டி கருகின குச்சியை விரலால் உருட்டிக்கொண்டே அவளைப் பார்த்தார். யாராவது அதட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

விவசாய ஆபீசரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கி, கருகின இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உலகம்மாளின் முழங்கையில் மூக்கை வைத்து முகர்ந்து, தலையை ஆட்டினார். அவருக்கும் ஆச்சரியப்பட நேரமில்லை, இன்னும் நாலு ஊர் பார்க்கவேண்டியிருந்தது.

"ஓமத்திலயும் கிராம்புலயும் இருக்கிற எண்ணெய்க்குச் சொறிக்கிருமியைக் கொல்ற சக்தி உண்டு. கிருமிக்கு மேல ஒரு தோல் இருக்கு, அதை உடைச்சிரும். ஆனா இலைக்கும் தோல் உண்டுல்ல? எண்ணெயை அப்படியே வச்சா இலையும் வெந்துதான் போகும். இந்தம்மா மேல தப்பு ஒண்ணுமில்ல. அளவு தெரியாம வச்சது உங்க தப்பு."

"அப்ப எப்படித்தான் வைக்கணும்?" என்று வெள்ளைப்பாண்டி கேட்டார்.

"தண்ணியில கலக்கணும். எண்ணெய் தனியா மிதக்கும், கலக்காது. பூந்திக்கொட்டையை ஊறப்போட்டு, நுரை வர அடிச்சு, அதுல கலந்து தெளிங்க. ஒரு வாளிக்குச் சில சொட்டு போதும். முதல்ல ஒரு கிளையில அடிச்சுப் பார்த்துட்டு மத்ததுக்கு அடிங்க. அப்புறம், மாலைப் பழத்தை மரத்துல கட்டாதீங்க. சொறி ஊர் பூரா பரவினதே அதுலதான்."

கடைசிப் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. ஆனால் சில சொட்டு என்ற பேச்சு உலகம்மாளின் காதில் தேனாய் விழுந்தது. சில சொட்டு. அப்படியென்றால் நடக்கவேண்டாம், ரசம் குடிக்கவேண்டாம், இதுவரைக்கும் பிழிந்த செம்பே ஊருக்கு மிச்சம். நிழலில் உட்காரலாம், மனசு ஆறும், மனசு ஆறினால் வேர்வை நிற்கும், நின்றால் பிள்ளையைத் தூக்கலாம். அவள் ஸ்கூட்டர் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து போய்க் கும்பிட்டாள்.

பூந்திக்கொட்டைத் தண்ணீர் வேலை செய்தது. சொறி காய்ந்தது, இலை கருகவில்லை, ஊர் மூச்சு விட்டது. மூச்சு விட்ட கையோடு வெள்ளைப்பாண்டி அண்ணாச்சி மறுபடியும் வீட்டுக்கு வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்தார்.

"தாயி, சில சொட்டு போதும்னு ஆனபிறகு இது நம்ம ஊரு சமாச்சாரமா மட்டும் இல்ல. மலையடி பூராவும் சொறி நிக்குது. நம்ம மரம் நல்லாயிருந்து பக்கத்தூரு மரம் அழுகிக் கிடந்தா, ஒரு மழைக்காத்து போதும், திரும்ப நமக்குத்தான் வரும். நான் சொல்லுதது சரியா, தப்பா?"

சரிதான். அதுதான் கொடுமை.

"நீ ஊர் ஊராப் போய் நடக்கக்கூட வேண்டாம். சங்கத்துக் குடோன் மாடியில தகர ரூம் ஒண்ணு இருக்கு, கட்டில் போட்டாச்சு. வெயிலுக்குத் தகரம் நல்லாக் காயும். நீ சும்மா உக்காந்திருந்தா போதும். ரெண்டு பொம்பளையாள் கூட இருப்பாவ. நாளைக்கு ஆட்டோ வரும்."

"எம்புட்டு நாளைக்கு அண்ணாச்சி?"

"சொறி போற வரைக்கும்."

அவள் கொம்பையாவைப் பார்த்தாள். அவன் பூந்திக்கொட்டை ஊறிய பானையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கெட்டவன் இல்லை. அவன் வாயிலிருந்து வேண்டாம் என்று ஒரு சொல் வந்திருந்தால் அவள் அவனுக்காக இன்னும் நூறு தோட்டம் நடந்திருப்பாள். வரவில்லை.

மறுநாள் காலையில் மலைமேல் மேகம் இறங்கியிருந்தது, ஆனால் கீழே வெயில் சுள்ளென்று அடித்தது. ஆட்டோ தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது. உலகம்மாள் கொல்லைக்குப் போய், அந்தப் பானைத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக் குளித்தாள். இலையின் தோல் தாங்குகிறது, பிள்ளையின் தோல் தாங்காதா? நுரை வடிய வடிய வந்து முப்பிடாதியின் முன்னால் நின்றாள்.

"ஒரே ஒரு தடவை தா. சுட்டா நீயே வாங்கிக்கோ."

முப்பிடாதி அண்ணனைத் தேடினாள். அவன் வாசலில் நின்றான். அவள் மதினியின் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தாள்.

தூக்கும்போதே உலகம்மாளுக்கு நெஞ்சு அடித்தது. அடித்ததும் உள்ளங்கை நனைந்தது. குளித்ததெல்லாம் வீண், பூந்திக்கொட்டை எல்லாம் வீண், கழுத்திலும் மார்பிலும் எண்ணெய் பொடித்துக் கிளம்பியது, பிள்ளையின் கன்னம் நேராய் அதன்மேல் வந்து ஒட்டியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வீறலுக்காகக் காத்திருந்தாள். வீறல் வரவில்லை. பிள்ளை அவள் தாலிச்சரட்டைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. விலக்கிப் பார்த்தாள். கன்னத்தில் ஒரு சிவப்பில்லை.

அவளுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. பிள்ளையின் உச்சியில் மூக்கை அழுத்தி, அத்தனை நாள் பட்டினியையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

ஓமம் மணத்தது.

ஓமம் முன்னால் வந்தது, கிராம்பு பின்னால் வந்தது, கற்பூரவல்லியின் காரம் மூக்கிலேயே தங்கியது. தன் வாசனை தனக்குத் தெரியாமல் போய் எத்தனையோ நாளாயிற்று. அப்படியென்றால் இது யாருடையது? அவள் மெதுவாய்க் குனிந்து பார்த்தாள். பிள்ளையின் நெற்றியில், மயிர் தொடங்குகிற இடத்தில், கடுகளவு ஒரு சொட்டு மினுங்கிக்கொண்டு நின்றது. கொசு கடிக்காதது ஏன் என்று அப்போது புரிந்தது. இப்போது சுடாதது ஏன் என்றும் புரிந்தது.

வாசலில் ஆட்டோ நின்றது. வெள்ளைப்பாண்டி செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. உலகம்மாள் கட்டைவிரலால் அந்தச் சொட்டைத் துடைத்துத் தன் கழுத்திலேயே பூசிக்கொண்டாள். தகர ரூமுக்குத் தூக்கிப் போனால் பிள்ளைக்கும் வேர்க்கும், துண்டோடு நிற்கிற பெண்கள் ஒற்றுவார்கள், ஒற்றின அன்றைக்கே தெரிந்துபோகும். வீட்டில் விட்டுப் போனாலும் தெரிந்துபோகும், அவள் இல்லாத வீட்டில் எப்படி மணக்கிறது என்று ஒரு நாள் யாராவது கேட்பார்கள். அவள் பக்கத்தில் இருக்கும்வரைக்கும்தான் வாசனை யாருடையது என்று எவனும் கேட்கமாட்டான்.

"கிளம்பலாமா தாயி?" வெள்ளைப்பாண்டி உள்ளே வந்தவர் பிள்ளையைப் பார்த்துத் தயங்கினார். "புள்ளைக்கு ஆகாதே?"

"பூந்திக்கொட்டைத் தண்ணியில குளிச்சேன். இப்பம் ஆகும்." பிள்ளையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். "அண்ணாச்சி, எந்த ஊருக்கு வேணும்னாலும் நடந்து வாரேன். எவ்வளவு வெயில்னாலும் வாரேன். தகர ரூமுக்கு வரமாட்டேன். துண்டு வச்சு யாரும் என்னை ஒத்தப்பிடாது, நானே துடைச்சு நானே பிழிஞ்சு தருவேன். எம்புள்ளை என் இடுப்பை விட்டு இறங்காது. இதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க. இல்லாட்டி நான் கிணத்துல இறங்கி உக்காந்துருவேன், ஒரு சொட்டு வராது."

கொம்பையா அண்ணாச்சி முன்னால் முதல்தடவையாக வாயைத் திறந்தான். "அவ சொல்லுதபடி விடுங்க அண்ணாச்சி."

வெள்ளைப்பாண்டி மலையைத் திரும்பிப் பார்த்தார். மேகம் பாதி மலைக்கு இறங்கியிருந்தது. பேரம் பேசுகிற நேரம் இல்லை. சரி என்று தலையாட்டியவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு கணம் நின்றார்.

"என்ன தாயி, வாசனை இன்னைக்கு இருமடங்கா அடிக்கி."

"பயந்தா எனக்குக் கூடுதலா வரும் அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாததா?"

அவர் சிரித்தார். நல்ல மனுசராட்டம்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே பிள்ளையின் கன்னத்தைத் தட்டக் கையை நீட்டினார். உலகம்மாள் சட்டென்று இடுப்பைத் திருப்பிக்கொண்டாள்.

"தொடாதீய அண்ணாச்சி. என் வேர்வை பட்டிருக்கு. சுடும்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். அவள் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் நெற்றியை மூடினாள், அத்தனை நாளும் வற்றிப்போ வற்றிப்போ என்று வேண்டிய வேர்வையை வற்றிவிடாதே என்று வேண்டிக்கொண்டு, வாசலிறங்கி வெயிலுக்குள் நடந்தாள்.